கலப்புப் பேச்சும் ஆப்பிரிக்க ராப் பாடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மலையாளச் சொற்களைக் கலந்து ராப் பாடித் தமிழைக் கெடுக்கிறார்கள் என்றும், அது அமெரிக்கரைப் பார்த்து வந்த பழக்கம் என்றும் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றி ராப் பாடலை உள்ளடக்கிய ஹிப் ஹாப் கலைக்கு வித்திட்ட டி.ஜே. கூல் ஹெர்க், ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் நியூயார்க்கில் குடியேறியவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் வளர்த்த அந்தக் கலை, ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியதும் அந்தந்த மண்ணின் மொழியை எடுத்துக்கொண்டது. 1989இல் செனகலின் டக்காரில் உருவான பாசிட்டிவ் பிளாக் சோல் குழு பிரெஞ்சோடும் ஆங்கிலத்தோடும் வொலோஃப் மொழியை மேடையேற்றியது. பிரிட்டனில் பிறந்த ரெஜி ராக்ஸ்டோன் 1990களில் கானாவுக்குத் திரும்பித் துவி மொழியில் பாட, ‘ஹிப்லைஃப்’ என்று ஒரு தனி வகையே பிறந்தது. தான்சானியாவில் சுவாஹிலி அந்த இடத்தைப் பிடித்தது.

எங்கள் நிலைக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுவது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக் கதை. நிறவெறி அரசு நகரத்திலிருந்து வெளியேற்றிய மக்கள் குடியமர்த்தப்பட்ட கேப் ஃபிளாட்ஸ் பகுதியில் ‘காப்ஸ்’ என்னும், ஆஃப்ரிகான்ஸ் மொழியின் வட்டார வழக்கு பேசப்படுகிறது. பல மொழிச் சொற்கள் கலந்த அந்தப் பேச்சு நெடுங்காலம் கொச்சை என்றே ஒதுக்கப்பட்டது. அந்தத் தெருப் பேச்சைத் தம் பாட்டில் சேர்த்துக்கொண்டு நிறவெறியை எதிர்த்த புராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி குழுவினர், 1994இல் மண்டேலாவின் பதவியேற்பு விழாவிலும் பாடினார்கள்.

தோட்ட வேலைக்கு ஆள்சேர்த்த கங்காணிகள் மலையேற்றிக் கொண்டுவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள். 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. அன்றுமுதல் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் தமிழும் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளமுமாக வாழ்ந்து வருகிறோம். என் பழைய மாணவன் ஒருவன், மழையில் கொழுந்து எடுக்கும் தன் தாயைப் பற்றி எழுதிய பாட்டைப் பாடிக் காட்டினான். ‘பட்சே’ என்ற சொல் நான்கு இடங்களில் வந்தது. ‘ஆனால்’ என்று மாற்றிப் பாடு என்றேன். பாடினான்; தாளம் தப்பவில்லை. “எங்க அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க டீச்சர்” என்றான். நான் திருத்தியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பெண்களை இழிவுபடுத்தும் வரி எந்தப் பாட்டில் வந்தாலும் நான் கண்டிப்பேன். கலப்புச் சொல்லை அந்தக் குற்றத்தோடு சேர்க்க வேண்டாம் என்றே கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பாடல்களுள் ஒன்றிரண்டையேனும், ஒரு சொல்லையும் மாற்றாமல், தங்கள் ஞாயிறு இணைப்பில் முழுமையாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.