ஞாயிறு வாசிப்புக்கு முன் பெற்றோர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு பிள்ளைகளோடு வாசிக்கப்போவது ரோல்ட் டாலின் ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’. அதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

1964இல் அமெரிக்காவில் வந்த முதல் பதிப்பில், தொழிற்சாலையில் வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பிக்மிகள், அதாவது உயரம் குறைந்த பழங்குடியினர். இது அடிமை வியாபாரமேதான் என்று கண்டனம் எழுந்தது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியும் எதிர்த்தது. 1973 பதிப்பில் டால் அவர்களுக்கு வெள்ளைத் தோலும் பொன்பழுப்பு முடியும் கொடுத்து, கற்பனைத் தேசத்து ஆட்களாக்கினார்.

ஆனால் அவர்களை நடத்தும் விதம் மாறவே இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. துளை போட்ட பெட்டிகளில் அடைத்துத் திருட்டுத்தனமாகக் கொண்டுவருகிறார் தொழிற்சாலை முதலாளி வோங்கா. கூலியைக் கொக்கோ விதையாகவே தரலாம் என்கிறார். புது சூயிங்கம்மை அவர்கள் 20 பேரிடம் சோதித்துப் பார்க்கிறார். 20 பேரும் புளூபெர்ரிப் பழமாக உப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் இங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “இதுக்குச் சம்மதமான்னு அவங்களை யாராவது கேட்டாங்களா?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படுத்த வேண்டாம்.

புத்தகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. சார்லியின் பசியை இவ்வளவு உண்மையாக எழுதிய கதையைப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். யாரிடமாவது பழைய பதிப்பு இருந்தால் கொண்டுவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டலாம். மாலை 4 மணி, வழக்கமான இடம். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.