பிளாஸ்டிக் உறைகளை அள்ளும் செலவைக் கம்பெனிகள் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குப்பையைப் பற்றிக் கேள்வி வந்தால் மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலம் உள்ளாட்சியைக் கைகாட்டும். திடக்கழிவு மேலாண்மை, அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாக இருக்கிறது. சரி, வீடு வீடாகப் பிரித்து வாங்குவதும் மார்க்கெட் கழிவை உரமாக்குவதும் ஊர் செய்ய வேண்டிய வேலைதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து பிரிக்கும் எங்கள் வளம் மீட்புப் பூங்காவில் மலையாகத் தேங்கியது மக்கும் குப்பை கிடையாது. ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, டயப்பர். பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் பழைய பொருள் வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்வார். உள்ளே வெள்ளி நிறப் பூச்சு உள்ள உறையைத் தொடக்கூட மாட்டார். தூய்மைப் பணியாளர்கள் அதைக் கையால் பிரித்து, மூட்டை கட்டி, சூளையில் எரிக்க சிமென்ட் ஆலைக்கு லாரி ஏற்றுவார்கள். மலை இறங்கும் அந்த லாரிக்கு வாடகை, ஊர் மக்கள் கட்டிய வரிப் பணம்.

மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகளில், இப்படிப்பட்ட உறைகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனிகள் உள்ளாட்சிகளுக்கு நிதி உதவி செய்ய வேண்டும், உறைகளைத் திரும்பப் பெறவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் வேலையில் இருந்தவரை ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. மும்பையில் உள்ள கம்பெனியை ஒரு பேரூராட்சிச் செயல் அலுவலர் எங்கே போய்ப் பிடிப்பார்? அது மத்திய அரசால் மட்டுமே ஆகிற காரியம்.

2022-ல் பிளாஸ்டிக் உறைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளம் வந்தது. இவ்வளவு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனது என்ற சான்றிதழைக் கம்பெனிகள் மறுசுழற்சி ஆலைகளிடம் விலைக்கு வாங்கி அதில் கணக்குக் காட்டலாம். பணம் அவர்களுக்குள்ளேயே கைமாறுகிறது. தெருவில் அள்ளிய உள்ளாட்சிக்கு அதில் கட்டாயப் பங்கு எதுவும் இல்லை. போதாததற்கு, லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் 2023-ல் பிடிபட்டன. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது வயிறு எரிந்தது.

விற்றவரைப் பொறுப்பாக்கினால் நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. யானைகளின் கால்களை பாட்டில் சில்லு கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், 2022 மே முதல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகின்றன. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன.

அதனால் என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு சான்றிதழிலும் அந்தக் கழிவு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பதிவாக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு விலை நிர்ணயித்து, கம்பெனிகளிடம் வசூலித்து, நேராக அந்த உள்ளாட்சியின் கணக்கில் போட வேண்டும். தமிழக அரசு இதை எழுத்துமூலம் டெல்லியிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துப்புரவு மேற்பார்வையாளர்,
நீலகிரி மாவட்டம்.