வருகைப் பதிவேட்டுச் சான்றிதழ் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி ஊழியர்களுக்குத் தொழில்முறைச் சான்றிதழ் வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். சான்றிதழ் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. பவானிசாகர், தே.கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் மண்டல நிலையங்கள் இருக்கின்றன. இவை போக, ஒன்றிய அலுவலகக் கூட்ட அரங்கில் ஒருநாள், இரண்டுநாள் வகுப்புகள். காலையும் மாலையும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்குக் கடைசியில் ஒரு தாள் கிடைக்கும். அவர் வந்து போனார் என்பதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

மேல்நிலைத் தொட்டி இயக்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டின் வயிற்றுக்கும் பொறுப்பானவர். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் 120 கிராம், பாதி இருந்தால் 60. வகுப்பில் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். தவறு நடப்பது வேறு இடத்தில். புதிதாகப் பிரித்த மூட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாயைக் கட்டாமல் ஈரத் தரையில் போட்டுவைத்தால் சில வாரங்களில் அது பாதியாகிவிடும்; அப்போது அதே 4 கிராம் பாதி வேலைகூடச் செய்யாது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவது அடுத்த தவறு. சுண்ணாம்பு அடியில் படிந்து, குழாயில் வெள்ளையாக வரும். மக்கள் சத்தம் போடுவார்கள். மறுநாள் அளவு குறையும். வாளித் தண்ணீரில் குழைத்து, கலக்கி, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். பிறகு, தொட்டியடிக் குழாயில் பார்க்காமல் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் குளோரோஸ்கோப் (குளோரின் அளவை நிறத்தால் காட்டும் சிறு கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

இந்த வேலைக்கு எழுத்துத் தேர்வு எதற்கு? தொட்டியைக் காட்டி, நீர்மட்டத்தை அளக்கச் சொல்லி, பழைய மூட்டை ஒன்றைக் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னால் போதும். கடைசிக் குழாயில் நிறம் வந்தால் தேர்ச்சி. வராவிட்டால், ஏன் வரவில்லை, இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அவரே சொன்னால் அதுவும் தேர்ச்சிதான்.

ஊராட்சி செயலருக்குச் சோதனை வேறுமாதிரி. 2021-26 ஆண்டுகளுக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு இன்ன செலவுக்கென்று வரையறுக்கப்பட்டிருந்தது: குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு ஒரு பாதி, சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கு மறு பாதி. மீதி 40 பொதுவானது, ஆனாலும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது என்பது விதி. ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் பதிவாகும் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் வளர்ச்சித் திட்டத்தை ஏற்றும்போதே எந்தப் பணி எந்தத் தலைப்பு என்று குறிக்க வேண்டும். அங்கே பிசகினால், பணி முடிந்து வவுச்சர் போடும் நாளில்தான் அந்தத் தலைப்பில் பணம் இல்லை என்று தெரியும். ஒப்பந்ததாரரின் வங்கி வேறொன்றோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தால் பணம் திரும்பி வந்துவிடும். கையெழுத்திட வேண்டியவர் மாறினால் புதிய டிஎஸ்சியை (மின்னணுக் கையெழுத்துச் சான்றை) பதிந்து முடிக்கும்வரை எதுவும் நகராது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்கு வந்ததை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது புரியும். பல ஊராட்சிகளின் டிஎஸ்சி ஏற்றிய டோக்கன்கள் ஒன்றிய அலுவலகத்தில் ஒரே மேசை இழுப்பறையில் கிடந்து, கணினி இயக்குபவர் ஒருவரே இரண்டு கையெழுத்தையும் போடும் இடங்களும் உண்டு. ஒருவர் தயாரிக்க, இன்னொருவர் சரிபார்க்க என்று இரண்டு சாவி வைத்ததற்கு அங்கே பொருளே இல்லை. சான்றிதழ் பெறும் செயலர் இதையெல்லாம் பாடமாகக் கேட்டால் போதாது. பயிற்சித் தளத்தில் திட்டம் ஏற்றுவதிலிருந்து திரும்பி வந்த வவுச்சரைத் திருத்துவதுவரை தன் கையால் செய்து காட்ட வேண்டும்.

வீட்டுவரிப் பதிவேட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாண்டு பாக்கி வைத்தவர் ஒரு தொகை கட்டினால் அதைப் பழைய நிலுவையில் வரவு வைக்காமல் நடப்புக் கேட்பில், அதாவது இந்த ஆண்டு வரியில், வைத்துவிடுகிறார்கள். அடியில் கூட்டுத்தொகை சரியாகவே நிற்கும், நடப்பு வசூல் விழுக்காடும் அழகாக இருக்கும். பழைய நிலுவை மட்டும் ஆண்டுக்காண்டு அசையாமல் கிடக்கும். தணிக்கையில் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய ஆட்சேபங்களைத் தொகுத்தாலே பாடத்திட்டம் ஆயத்தம். புதிதாகக் குழு போட வேண்டியதில்லை.

அரசு ஊழியர்களுக்கான துறைத் தேர்வுகளைத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கணக்குத் தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. நல்ல முறை. தேறினால்தான் பதவி உயர்வு என்பதால் படிக்கிறார்கள். ஊராட்சி செயலருக்கும் தொட்டி இயக்குபவருக்கும் அப்படி எதிரில் ஒன்றும் இல்லை. தேறியவருக்கு ஒரு ஊதிய உயர்வு என்று வைத்தால்தான் சான்றிதழை மதிப்பார்கள். இணையவழிப் படிப்பை மட்டும் நம்பினாலும் பயனில்லை. ஒருவர் உட்கார்ந்து நாலு பேர் பெயரில் அழுத்திவிடலாம்.

மூன்று நாள் வகுப்பு, பிறகு ஒரு மாதம் தன் ஊராட்சியிலேயே தன் பதிவேடுகளோடு செய்முறை, அதன்பின் அரைநாள் தேர்வு என்று வைக்கலாம். மதிப்பிடுபவர் வேறு ஒன்றியத்திலிருந்து வர வேண்டும். சொந்த ஒன்றிய அலுவலர் வந்தால் யாரும் தோற்க மாட்டார்கள். தோற்றவருக்கு மூன்று மாதத்தில் மறுவாய்ப்பு, அதுவும் விட்ட பகுதிக்கு மட்டும். பணத்துக்கு, ராஷ்ட்ரிய கிராம சுவராஜ் திட்டத்தில் பயிற்சிக்கென்றே ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் நிதி வந்திருக்கிறது.

சான்றிதழுக்குக் காலாவதியும் வேண்டும். இரண்டாண்டு டிஎஸ்சி வாங்கியிருந்தால், அதைப் புதுப்பிக்க வரும் நாளிலேயே செய்முறைத் தேர்வையும் வைத்துவிடலாம். தனியாக ஒருநாள் வேலை கெடாது.

இப்படிக்கு,
ஊராட்சிக் கணக்குகளில் அனுபவமுள்ள வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்