விதைப்பந்துக்குள் வெளிச்சம் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை நெருங்கினால், விதையைக் களிமண்ணுக்குள் வைத்து உருட்டிய விதைப்பந்தை வீசும் படங்கள் நாளிதழ்களில் வந்துவிடுகின்றன. சமவெளித் தரிசில், கொன்றை போன்ற கெட்டித்தோல் விதைகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரங்களுக்குப் பொருந்தாது.

வெண்கடம்பையே பாருங்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ 20,000 விதைகள். இத்தனை சிறிய விதையில் இருப்பு உணவு சொற்பம். ஆழத்தில் முளைத்தால் முளை மேலே வந்து சேராது. அதனால்தான் இவ்வகை விதைகள் வெளிச்சத்துக்குக் காத்திருக்கின்றன. ஈரமேறிய விதையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமியை 660 நானோமீட்டர் சிவப்பொளி முடுக்கி முளைக்கவைக்கும்; கண்ணுக்கு அரிதாகவே தெரியும் 730 நானோமீட்டர் தொலைசிவப்பு ஒளி அதை அடக்கிவிடும். மண்ணில் வெளிச்சம் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். களிமண் உருண்டையின் நடுவில் முழு இருட்டு.

பந்து இல்லாமல் காட்டுக்குள் தூவினாலும் பயனில்லை. மேலுள்ள இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகின்றன. வெட்டவெளியில் சிவப்புக்கும் தொலைசிவப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.2, அடர்காட்டுத் தரையில் 0.4-க்கும் கீழே போகும். மரம் விழுந்து வானம் திறக்கும்வரை விதை கிடக்கும். அதற்குள் எறும்பும் பூஞ்சையும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

நாற்றங்காலிலும் விதையை முளைக்கவைக்கும் தாய்ப்பாத்தியை மாமர நிழலில் போடக் கூடாது. 50 சதவீதக் கறுப்பு நிழல்வலை போதும். அது வெளிச்சத்தின் அளவைக் குறைக்குமே தவிர நிறக்கலவையை மாற்றாது. சலித்த மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து தட்டில் நிரப்பி, முதலில் நனைத்துவிடுங்கள். ஒரு பங்கு விதையைப் பத்துப் பங்கு காய்ந்த நுண்மணலோடு கலந்து மேலே தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். பூவாளி விதையைப் புதைத்துவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விடுங்கள். மேலே நிறமற்ற பாலித்தீன் தாள் போட்டு, தினமும் காலையில் சிறிது நேரம் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் நாற்றழுகல் வரும்.

வெடிப்பலா, நாங்கு போன்ற பெரிய விதைகள் நேரெதிர். முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஆனால் காய்ந்தால் செத்துவிடும்; விதைப்பந்தையோ வெயிலில் காயவைத்துத்தான் சேமிக்கிறார்கள். பழுத்து விழுந்ததும் பொறுக்கி, சில நாட்களுக்குள் நாற்றுப் பையில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றி நிழலில் வையுங்கள்.

எந்த விதை எந்த வகை என்று தெரியாவிட்டால், ஈரத்தாள் விரித்த இரு தட்டுகளில் 50 விதைகள் வீதம் வைத்து, ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் இரண்டு சுற்று மூடுங்கள். மூன்று வாரம் இடையில் திறக்காதீர்கள். எட்டிப் பார்க்கும் சில நிமிட வெளிச்சமே சில விதைகளுக்குப் போதும், சோதனை கெட்டுவிடும்.

இப்படிக்கு,
மழைக்காட்டு மர நாற்றங்கால் பணியாளர்கள்,
வால்பாறை