மகளின் கார்னிவல் மேசைக்கு மூன்று பலகாரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின பட்டியலை அம்மாவும் நானும் வாசித்தோம். எண்ணிப் பார்த்தால் பதினொரு இனிப்பு. ஈஸ்டருக்கு முந்தின தவக்கால விரதம் தொடங்க முதல் கொண்டாடுகிற கார்னிவல்காரருக்கு அது பிடித்த எண். ஜேர்மனியில் கொலோன் நகரத்தில் நவம்பர் 11ஆம் தேதி 11 மணி 11 நிமிடத்துக்குத்தானே கொண்டாட்டத்தைத் திறக்கிறார்கள். நீ தெரிந்துதான் எழுதினாயோ தெரியாது. ஆனால் கப் கேக், பஞ்சு மிட்டாய், மூன்று நிற ஜெல்லி, சொக்லேற் ஊற்று எல்லாம் பிறந்தநாள் மேசைக்குரியவை. கொலோனில் பிறந்த பிள்ளை ரொறன்ரோவில் சிநேகிதரைக் கூப்பிட்டுக் கார்னிவல் வைக்கிறாள் என்றால் மூன்று பலகாரம் காணும். மூன்றும் பொரித்தவையாக இருக்க வேண்டும்.

அதற்கு முதல், விருந்து வைக்கிற தேதியை மாற்று. பெப்ரவரி 13 சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. அதிலிருந்து 46 நாள் பின்னுக்கு எண்ணு, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பெப்ரவரி 10இல் வந்து நிற்கும். 13ஆம் தேதி என்றால் தவக்காலம் தொடங்கி நாலாம் நாள். கொலோனில் செவ்வாய் இரவே வைக்கோல் பொம்மை நுப்பலைக் கொளுத்தி, அந்தக் கிழமை நடந்த கூத்துக்கெல்லாம் அவன்தான் காரணம் என்று பழியைப் போட்டுவிட்டு, புதன்கிழமை மீன் சாப்பிடப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பெர்லினர் என்கிற ஜாம் வைத்த உருண்டையைப் பொரிப்பது தேர் இருப்புக்கு வந்த பிறகு வடம் பிடிக்கப் போவது மாதிரி. 6ஆம் தேதிக்கு வை. வேலை நாளென்று பார்க்காவிட்டால் 4ஆம் தேதி வியாழன் இன்னும் திறம். அங்கே பெண்கள் விளையாட்டாக நகரசபையைப் பிடிக்கிற நாள் அது. போலந்துக்காரருக்கும் அதே வியாழன்தான் கொழுப்பு வியாழன், அன்றைக்குப் பொன்ச்கி என்கிற அவர்களுடைய ஜாம் உருண்டை சாப்பிடாதவர்கள் அங்கே குறைவு.

ஏன் பொரித்தது என்று உன் சிநேகிதர் கேட்டால் சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், பட்டர், பன்றிக் கொழுப்பு எல்லாமே விலக்கு. கோழிக்கு அது தெரியுமா? முட்டை பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் விரதம் தொடங்க முதல் வீட்டிலிருக்கிற முட்டையையும் கொழுப்பையும் தீர்த்துவிட வேண்டும். தீர்க்க இலேசான வழி, மாவில் முட்டையைப் போட்டுக் கொழுப்பில் பொரிப்பது. இத்தாலிக்காரர் மெல்லிய பட்டையாகப் பொரிப்பதும், இங்கிலாந்துக்காரர் செவ்வாய்க்கிழமை பான்கேக் ஊற்றுவதும் இதே கணக்குத்தான். நாங்கள் கந்தசஷ்டி முடிந்து பாறணைக்குத்தான் பலகாரத்தைத் தேடுவோம். இவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டு விரதத்துக்குப் போகிறார்கள்.

பட்டியலில் ஊதா, பச்சை, பொன்நிறம் பூசின வளையக் கேக்கும் இருக்கிறது. அது நியூ ஓர்லீன்ஸ்காரருடையது. ஜனவரி 6இல் இருந்து அங்கே வெட்டத் தொடங்குவார்கள். உள்ளே ஒளித்து வைத்த சின்னப் பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ அவர் அடுத்த கேக் கொண்டுவர வேண்டும். நல்ல பலகாரம்தான். வேறொரு வருடம் அதற்கென்றே ஒரு விருந்து வை.

இனிப் பெர்லினர். நான் பேக்கரியில் சேர்ந்த காலத்தில் ஜேர்மனியில் இரவில் பாண் போடக் கூடாதென்று சட்டம் இருந்தது. 1996இல்தான் அதை எடுத்தார்கள். விடிய நாலு மணிக்கு முதல் கை வைக்க முடியாது, கடை திறக்கும்போது கண்ணாடிப் பெட்டி நிறையப் பெர்லினர் நிற்கவும் வேண்டும். அதற்காக மாவை முதல் நாளே குழைத்துக் குளிரில் வைத்துவிடுவோம். அது சட்டத்துக்காகச் செய்த வேலை, ஆனால் ருசிக்கும் அதுதான் நல்லது. ஆறுதலாகப் புளித்த மாவுக்கு ஒரு வாசம் வரும். நீயும் வெள்ளிக்கிழமை இரவே குழைத்துப் பிரிட்ஜில் வை.

500 கிராம் கோதுமை மா, 220 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுப் பால், 70 கிராம் சீனி, 80 கிராம் மெதுவான பட்டர், ஒரு முழு முட்டையும் மூன்று மஞ்சட்கருவும், உலர்ந்த ஈஸ்ட் ஒரு பைக்கற் 7 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காயின் தோலைச் சுரண்டினது, ஒரு மேசைக்கரண்டி ரம். கனடா மாவில் இங்கத்தைய 405 வகைக் கோதுமை மாவைவிடப் புரதம் கூட, அதனால் கொஞ்சம் கூடப் பால் குடிக்கும். பாலை ஒரேயடியாக விடாமல் கையைப் பார்த்து விடு. பட்டரைக் கடைசியாகச் சேர்த்து, மா கையில் ஒட்டாமல் பட்டுப்போல இழுபடும் வரை குழை. மெஷினில் என்றாலும் பத்து நிமிடம் வேண்டும். அவசரப்பட்டு மா தூவாதே. தூவினால் அடுத்த நாள் பாண் மாதிரி இருக்கும். ரம் எதற்கென்றால், சூட்டில் அது ஆவியாகி எண்ணெய் உள்ளே இழுபடாமல் காக்கும் என்பது பேக்கரிக்காரரின் நம்பிக்கை. மதுபானம் சேர்க்காத சிநேகிதர் வருவார்களென்றால் ஒரு கரண்டி வினாகிரி விடு, அதுவும் அதே வேலையைச் செய்யும்.

காலையில் எடுத்து 50 கிராம் உருண்டைகளாகப் பிரி, பதினெட்டு இருபது வரும். உருட்டுகிறபோது அடியில் மடிப்பு இல்லாமல் இறுக்கமாக உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் வாய் பிளக்கும். மா தூவின துணியில் அடுக்கி, மேலே ஒரு துவாயைப் போட்டுப் பொங்க விடு. குளிரில் இருந்து வந்த மாவென்றால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுக்கும். விரலால் மெல்ல அமத்தினால் குழி ஆறுதலாகத் திரும்பி வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் இன்னும் பொறு. திரும்பாமலே கிடந்தால் கூடப் பொங்கிவிட்டது, கெதியாகச் சட்டிக்குள் போடு.

எண்ணெய் 170 பாகை செல்சியஸ். அடிகனமான, ஆழமான சட்டி எடு, பெர்லினர் மிதக்க வேண்டும், அடியில் முட்டக் கூடாது. சூரியகாந்தியோ கனோலாவோ போதும். அம்மா தேங்காயெண்ணெய் என்பா, கேட்காதே, எல்லாம் தேங்காயெண்ணெய் மணக்கும். வெப்பமானி இல்லாவிட்டால் மர அகப்பைக் காம்பை விட்டுப் பார், சுற்றிவர மெல்லிய குமிழ் வந்தால் சரி. உருண்டையின் மேற்பக்கம் கீழே போகும்படி போட்டு உடனே மூடி வை. இரண்டரை நிமிடம் திறவாதே. மூடியின் ஆவியில்தான் அது ஊதி எழும்பும். பிறகு திருப்பு, இந்த முறை மூடி வேண்டாம். நடுவில் வெள்ளைப் பட்டி ஓட வேண்டும். அந்தப் பட்டியைப் பார்த்துத்தான் எங்கள் தலைமைப் பேக்கர் ஒருவனுடைய வேலையை மதிப்பிடுவார். பட்டி இல்லாத பெர்லினரை அவர் விற்கவே விடமாட்டார், வேலைக்காரருக்குத் தேத்தண்ணியோடு சாப்பிடத் தந்துவிடுவார். அதனாலேயே எங்களுக்குப் பட்டியில்லாததைக் கண்டால் சந்தோசம்.

ஜாம் பொரித்த பிறகுதான் போக வேண்டும், நீண்ட மூக்குள்ள குழலால் பக்கத்தில் குத்தி. புளிப்புள்ள ஜாமாக எடு. கொலோனில் சிவப்புப் பழ ஜாம் அல்லது பிளம்ஸ். உன்னிடம் கேட்டால் ஸ்ட்ரோபெரி என்பாய், அது வெறும் இனிப்பு. ஸ்காபரோவில் எங்கட கடைகளில் விளாம்பழ ஜாம் போத்தல் இருக்கும். அதைப் பாதிக்கு வைத்துப் பார். கொலோன்காரன் முகத்தைச் சுளிக்கலாம், நான் சுளிக்க மாட்டேன். ஒன்றே ஒன்றுக்குள் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகுப் பசை வைப்பது ஜேர்மன்காரரின் பழைய பகிடி. செய், ஆனால் கடுகு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களா என்று முதலே கேட்டு வை.

1991இல் வளைகுடா யுத்தத்தால் ரோசன்மொன்டாக் என்கிற கார்னிவல் திங்கள் ஊர்வலத்தை நிறுத்திவிட்டார்கள். யுத்தத்தை விட்டு ஓடிவந்து இருந்த எங்களுக்கு அது விளங்கிற விசயம்தான். ஆனால் கடையில் பெர்லினருக்கு நின்ற வரிசை ஒரு அடிகூடக் குறையவில்லை. சனம் வாங்கிக்கொண்டு ஒன்றும் கதைக்காமல் போனது. அந்தக் கிழமை நானும் கன உருண்டை உருட்டினேன்.

இரண்டாவது முட்சன்மண்டல்ன். நீ சின்னப்பிள்ளையில் பையோடு வைத்துச் சாப்பிட்டு, விரலெல்லாம் ஐசிங் சீனியாகக் கதவுப்பிடியைப் பிடிப்பாயே, அதுதான். ஈஸ்ட் இல்லை, பயமும் இல்லை. 300 கிராம் மா, 100 கிராம் அரைத்த பாதாம், 90 கிராம் சீனி, 80 கிராம் பட்டர், இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி ரம் அல்லது பால். குழைத்து ஒரு மணித்தியாலம் குளிரில் வை. இதைக் கூடப் பிசையக் கூடாது, கனடா மாவென்றால் இன்னும் கவனம், கல்லாகிவிடும். கிள்ளிக் கிள்ளிப் பாதாம் பருப்பு வடிவத்தில் உருட்டு. அச்சு விற்கிறார்கள், வாங்கிக் காசைக் கரியாக்காதே. மூன்று நாலு நிமிடத்தில் பொன்நிறம் வரும். வடிந்ததும் சூட்டோடு ஐசிங் சீனி தூவு. இது அடுத்த நாளும் நல்லாயிருக்கும், பெர்லினர் அப்படியில்லை. அதனால் இதை வெள்ளிக்கிழமையே முடித்துப் பேணியில் போட்டுவிடு, சீனியை மட்டும் சனிக்கிழமை தூவு.

மூன்றாவது, குவார்க் என்கிற மெதுவான புதுப் பாற்கட்டியில் செய்கிற உருண்டை. குவார்க் கிடைக்காவிட்டால் கட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு இரவு தொங்கவிடு, அல்லது ரிக்கோட்டா. 250 கிராம் குவார்க், 250 கிராம் மா, 80 கிராம் சீனி, இரண்டு முட்டை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இரண்டு கரண்டியால் எடுத்து எண்ணெயில் விட்டால் தானாகவே புரண்டு வேகும். கறுவாச் சீனியில் உருட்டு. அவ்வளவுதான். மாமி முட்டை தொடமாட்டா என்பதால் அவவுக்கென்று ஒரு பங்கை முட்டை இல்லாமல் கொஞ்சம் பால் விட்டுக் குழை. சற்று இறுக்கமாக வரும், பழுதில்லை. ஆனால் அதைத்தான் முதலில், புது எண்ணெயில் பொரி. முட்டை போட்டதைப் பொரித்த எண்ணெயில் பொரித்துவிட்டு முட்டை இல்லை என்று சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும் முதலே பொரித்து அடுக்காதே. பெர்லினரைச் சனம் வர இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் முடித்துவிடு. குவார்க் உருண்டையை அவர்கள் வந்து கோட்டைக் கழற்றின பிறகு பொரி. அந்த மணம்தான் பாதி விருந்து. குழந்தைகளைக் குசினிக்குள் விடாதே. எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அடுப்பை நிற்பாட்டு. அப்பார்ட்மென்ட் புகை மணிக்கு யன்னலைத் திறந்துவை, பெப்ரவரிக் குளிரென்று பார்க்காதே. பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாரென்று இன்றைக்கே எல்லோருக்கும் எழுதிக் கேள்.

ஈஸ்ட் பொங்காமல் கை விட்டால் அழுதுகொண்டு நிற்காதே. ரொன்செஸ்வேல்ஸ் தெருவில் போலந்துக்காரரின் கடைகளில் பொன்ச்கி வாங்கலாம். அதுவும் பெர்லினரின் சொந்தம்தான், ரோசா ஜாம் வைத்தது கேட்டு வாங்கு. வியாழக்கிழமை மட்டும் போகாதே, வரிசை நீளும்.

பேரனுக்குக் கமெல்லே, அதுதான் ஊர்வலத்தில் எறிகிற இனிப்பு, வேண்டும். கொலோன் ஊர்வலத்தில் ஏறக்குறைய 300 தொன் இனிப்பு எறிகிறார்கள். உங்களுக்கு ஒரு கிலோ போதும். தாளில் சுற்றின டொபியும் சின்னச் சொக்லேற்றும் வாங்கி, மேசைக்கு மேலால் நீ எறி, அவன் குடையைத் தலைகீழாகப் பிடிக்கட்டும். நீயும் அப்படித்தான் பிடித்தாய். அம்மாவின் நல்ல குடையின் கம்பி போனதும் அப்படித்தான், அதை அவ இன்னும் சொல்லுறா.

வியாழக்கிழமை வைப்பதென்றால் மருமகனிடம் ஒன்று சொல்லிவை: அன்றைக்குப் பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து ஆண்களின் கழுத்துப்பட்டியை வெட்டுவார்கள். கலியாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்ததைக் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா