ஞாயிறு திரையிடல்: ‘பாம்பி’

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, செபாஸ்டியன் லிஃப்ஷிட்ஸ் இயக்கிய ‘பாம்பி’ (2013) என்னும் பிரெஞ்சு ஆவணப்படத்தைத் திரையிடுகிறோம். 1935இல் அல்ஜீரியாவில் பிறந்து, ஐம்பதுகளில் பாரிஸ் கேளிக்கை அரங்குகளில் பாம்பி என்ற பெயரில் புகழ்பெற்று, பிறகு படித்துப் பட்டம் வாங்கி, பள்ளியில் பல்லாண்டுகள் இலக்கியம் கற்பித்த திருநங்கை மரி பியேர் ப்ருவோ, எழுபது வயதைக் கடந்த நிலையில் கேமராவுக்கு எதிரே அமர்ந்து தம் வாழ்க்கையைத் தாமே சொல்கிறார். அவர் சேர்த்து வைத்திருந்த சூப்பர் 8 (வீட்டுப் படப்பிடிப்புக்கான சிறு ஃபிலிம்) படச்சுருள்களும் இடையிடையே வருகின்றன. பெர்லின் திரைப்பட விழாவில், பால்புதுமையர் வாழ்வைப் பேசும் படங்களுக்குத் தரப்படும் டெடி விருது பெற்ற படம் இது. திருநங்கையர் வாழ்வைத் துயரக் கதையாகவே பார்த்துப் பழகிய நாம், மேடையை விட்டு வகுப்பறைக்குச் சென்ற இவருடைய நிதானமான பேச்சை அவசியம் கேட்க வேண்டும். படம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், உரையாடலுக்கும் இருந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.