ஆண்டறிக்கை: ஒரு விமானியும் பதினான்கு பேரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்னாள் படைவீரர்களே, மறைந்த வீரர்களின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான வேலைகள் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று எடுக்கும் நவம்பரில், கைரேகை பதியாமல் அலைந்த மூத்தவர்களின் வீடுகளுக்கு நம் இளைய உறுப்பினர்களே போய், செல்போனில் முகத்தைக் காட்டச் சொல்லிப் பதிவு செய்து கொடுத்தார்கள். ஜூலை 10 அன்று 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை வைத்தோம். கொடி நாள் வசூல் சுமார்தான். கேன்டீன் வரிசை பற்றி வந்த புகார்களை எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

நவம்பர் 11 கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அதில் சிலருக்கு மனக்குறை உண்டு என்பது எனக்குத் தெரியும். முதல் உலகப் போர் முடிந்த நாளில் நம் சங்கம் நடத்திய கூட்டத்தில், கல்கத்தாவில் பிறந்த ஒரு விமானியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு. "வங்காளத்துப் பையனுக்கு வேலூரில் எதற்குக் கூட்டம்? அதிலும் நாமெல்லாம் தரைப்படை ஆட்கள்" என்று கணியம்பாடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுந்தே கேட்டார். நியாயமான கேள்விதான்.

பேசியவர் ஆகாயப்படையில் வாரண்ட் ஆபீசராக ஓய்வுபெற்ற நம் உறுப்பினர். அவர் சொன்ன கதை இது. இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2 அன்று பிறந்தவர். தாய் லலிதா ராய், லண்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1911இல் நடந்த பெரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டவர். பிள்ளை படித்ததும் லண்டனில்தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் பிரிவில் சேரப் போனபோது கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராய் தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, பார்வை சரி என்று சான்று வாங்கிக்கொண்டு மறுபடி போய் நின்றார் என்று சொல்வார்கள். 1917 ஏப்ரலில் சேர்த்துக்கொண்டார்கள். அக்டோபர் கடைசியில் 56ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படையணி. டிசம்பர் 6 அன்று விமானம் கீழே விழுந்து நொறுங்கியது. பத்தொன்பது வயது முடிந்து நான்கே நாள் ஆகியிருந்தது. இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டுவிட்டார்கள், நினைவு வந்து உள்ளேயிருந்து கதவைத் தட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. பிறகு பறக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். குணமாகி வந்த காலத்தில் காகிதத்தில் விமானமாக வரைந்து தள்ளினார். மேலதிகாரிகளை விடாமல் நச்சரித்து, 1918 ஜூனில் 40ஆவது ஸ்குவாட்ரனில் கேப்டன் ஜார்ஜ் மெக்எல்ராய் என்ற ஐரிஷ்காரரின் கீழ் இடம் வாங்கினார்.

அடுத்து நடந்ததை விளக்க, நம் வாரண்ட் ஆபீசர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குடையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தில் இரண்டு துப்பாக்கி. ஒன்று முன்னால், விசிறிக்கு நடுவே சுடுவது. இன்னொன்று மேல் இறக்கையின் மீது. அதில் 97 குண்டு கொண்ட வட்டப் பெட்டி தீர்ந்தால், விமானி அந்தத் துப்பாக்கியை வளைந்த தண்டவாளத்தில் இழுத்து இறக்கி, காலியான பெட்டியைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். திறந்த கூண்டு, முகத்தில் அடிக்கும் காற்று, பின்னால் எதிரி. அதுவரை விமானத்தை ஓட்டும் கோலைப் பிடித்துக்கொள்வது முழங்கால்கள் மட்டுமே. அவர் ஒரு கையால் கற்பனைப் பெட்டியைக் கழற்றியபோது குடை நழுவி விழுந்தது. "இப்போது நான் செத்தேன்" என்றார். பின் வரிசைப் பையன் ஒருவன் பாராசூட் இல்லையா என்று கேட்டான். அந்தப் போர் முடியும்வரை பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட் தரவேயில்லை.

1918 ஜூலை 6 அன்று ராய் முதல் விமானத்தை வீழ்த்தினார். 8ஆம் தேதி நான்கு மணி நேரத்தில் மூன்று. 13ஆம் தேதி இரண்டு, 15ஆம் தேதி இரண்டு, 18 அன்று ஒன்று, 19 அன்று ஒன்று. ஆகப் பத்து. 22ஆம் தேதி பிரான்ஸில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மன் ஃபாக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் தீப்பற்றி விழுந்தார். மெக்எல்ராயும் அதே மாதம் 31ஆம் தேதி போய்விட்டார். ராய்க்கு டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ் பதக்கம் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அறிவிப்பில் பதின்மூன்று நாளில் ஒன்பது விமானம் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றை எந்தக் கணக்கில் கழித்தார்கள் என்று நம் பொருளாளர் கவலைப்பட்டார். இந்திய ஆகாயப்படைக்கு முதல் இந்தியத் தளபதியாக வந்த சுப்ரதோ முகர்ஜி, ராயின் உறவினர். 1998இல் நம் அஞ்சல் துறை ராயின் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பறந்தவர் கதை நமக்கு ஒட்டாது என்பதை நான் ஏற்கவில்லை. பழைய வட ஆற்காட்டில் அரக்கோணத்தில் இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுதளம்தான் இன்று கடற்படையின் ராஜாளி தளம். ஆனால் கூட்டம் வைத்த காரணம் அது இல்லை.

லாங்கு பஜார் மணிக்கூண்டை நாம் எல்லாருமே தினம் கடந்து போகிறோம். அதில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. அவ்வளவுதான். பத்தொன்பது வயது அதிகாரி எந்தத் தேதியில் எந்த விமானத்தை வீழ்த்தினார் என்று நூறு ஆண்டு கழித்தும் சொல்ல முடிகிறது. நம் பதினான்கு பேருக்குக் கல்லில் பெயர்கூட இல்லை. ராய் மீது குறையில்லை. அவரைப் பற்றி எழுதி வைத்தார்கள், நம்மவர்களை எண்ணி வைத்தார்கள். இராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான்: அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கை. 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இப்படி நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்பே கேட்டது.

அன்றைய கூட்டத்திலேயே, வேலூரிலும் சுற்று வட்டாரத்திலும் முதல் உலகப் போருக்குப் போனவர்களின் பெயர்களைத் திரட்டுவது என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவர் கேள்வி கேட்ட அதே அண்ணன். அப்புறம் சில வாரத்தில் ஓர் அம்மா, மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிப் பதக்கம் ஒன்றைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். கணவரின் பாட்டனாருடையதாம், பூஜை அறையில் இருந்ததாம். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒருவர். வீட்டில் யாரும் விளிம்பைப் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பினால், எண், பதவி, பெயர், கடைசியில் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் (ராணுவத்தின் பொறியாளர் படை) என்று சுற்றிலும் பொறித்திருந்தது. ஊர் திரும்பியவர்தான் அவர். நம் பதிவேட்டின் முதல் வரியில் அவர் பெயரை எழுதினோம். அந்த அம்மா அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில், அக்கா தங்கை வீட்டில், பழைய டிரங்குப் பெட்டியில் இப்படி எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும். நாங்கள் பார்த்துக் குறித்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவோம். கம்மவான்பேட்டை உறுப்பினர்களிடம் இதைத் தனியாகவே கேட்கிறேன். படைக்கு ஆள் அனுப்பாத வீடு அரிதான ஊர் அது.

பதிவேட்டுக்கும் மணிக்கூண்டு அருகே வைக்க நினைத்திருக்கும் பெயர்ப் பலகைக்கும் தனிக் கணக்கு தொடங்கச் செயற்குழு ஒப்புதல் கேட்கிறது. பலகைக்கு அனுமதி வேண்டி மனு தயாராக இருக்கிறது, தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அடுத்து பொருளாளர் வரவு செலவை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்